மாற்றுக் கடிகாரம்

அத்தை கையில் கடிகாரம் கட்டி நான் பார்த்ததில்லை. விமானப்படைத் தளத்தில், பறக்கப் போகிறவர்களுக்குக் கடிகாரம் எடுத்துக் கொடுப்பதும் இறங்கி வந்ததும் வாங்கி வைப்பதும்தான் அவளுக்கு வேலை. ஏன் கட்டுவதில்லை என்று கேட்டால், "பகல் பூரா அதுங்க மூஞ்சியையே பார்த்துட்டு இருக்கேன். வீட்டுக்கும் கூட்டிட்டு வரணுமா?" என்பாள்.

அவள் சேர்ந்தது தையல் வேலைக்கு. விமானிகளின் உடுப்பு முழங்காலில் கிழிந்தால் தைப்பது, பித்தான் மாற்றுவது. கடிகாரம் கொடுக்கும் கவுண்டரில் இருந்தவர் ஓய்வு பெற்றபோது, தற்காலிகமாக நீ நில் என்றார்கள். அந்தத் தற்காலிகம் அவள் தலை நரைக்கும்வரை நீண்டது. தளம் முழுக்க அவளுக்குக் "கடிகார அக்கா" என்று பெயர். அவளைவிட மூத்தவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள்.

உடுப்பறை நீளமாக இருக்கும். ஒரு சுவர் முழுக்கத் தொங்கும் உடுப்புகள், மேல்தட்டில் ஹெல்மெட்டுகள், கீழே பூட்ஸ். மாஸ்க் துடைக்கும் ஸ்பிரிட்டும் ரப்பரும் வியர்வையும் கலந்த ஒரு வாசனை. அது அத்தையின் சேலையோடு வீட்டுக்கும் வரும். கவுண்டருக்கு எதிரே இருந்த ஜன்னலில் ஓடுபாதை தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் பச்சை வண்ணம் அடித்த ஒரு பலகை. அதில் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொன்றின் மேலும் வெள்ளையில் ஓர் எண். ஆளுக்கு ஒரு கொக்கி, கொக்கிக்கு ஒரு கடிகாரம்.

அந்தக் கடிகாரங்களில் அழகுக்கென்று எதுவும் கிடையாது. கறுப்பு முகம், வெள்ளை எண்கள், இருட்டில் பச்சையாக மினுங்கும் முட்கள், சாம்பல் நிறத் துணிப் பட்டை. பின்மூடியில் படையின் முத்திரையும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். எதுவும் யாருக்கும் சொந்தமில்லை. பக்கத்தில் இருக்கும் திருகை வெளியே இழுத்தால் வினாடி முள் அப்படியே நின்றுவிடும். பறக்கும் முன்னால் எல்லோரும் வட்டமாக நின்று திருகை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். ஓர் அதிகாரி எண்ணிச் சொன்னதும் ஒன்றாக அழுத்துவார்கள். அதன் பிறகு எல்லோர் கையிலும் ஒரே நேரம். "அவ்வளவு பெரிய ஆம்பளைங்க, ஊசி போட வந்த பிள்ளைங்க மாதிரி மூச்சை அடக்கிட்டு நிப்பாங்க" என்று அத்தை சொல்லிக் காட்டுவாள்.

பலகை எதற்கு என்பதையும் அவள்தான் எனக்கு விளக்கினாள். விமானத்துக்குள் கழன்று கிடக்கும் எந்தப் பொருளும் ஆபத்து. ஒரு திருகாணி, ஒரு பேனா, ஒரு நாணயம், எதுவானாலும். விமானம் தலைகீழாகப் புரளும்போது அது தன் இஷ்டத்துக்கு உருளும். விமானியின் முழங்கால்களுக்கு நடுவே நிற்கும் கைப்பிடித் தண்டை ஸ்டிக் என்பார்கள். அதை அசைத்துத்தான் விமானத்தை ஏற்றுவதும் இறக்குவதும். அதன் அடியில் தரைக்குக் கீழே கம்பிகளும் கீல்களும் ஓடும். உருண்ட பொருள் அங்கே போய்ச் சிக்கினால் ஸ்டிக் அசையாது. அதனால்தான் மெக்கானிக்குகள் தங்கள் ஸ்பானர்களை எண்ணி எடுத்து எண்ணி வைப்பார்கள். பறப்பவர்களின் கடிகாரம் அத்தையின் பொறுப்பு. இறங்கி வந்தவர்கள் கடிகாரத்தைக் கொடுத்து, அது கொக்கியில் ஏறிய பிறகு, மெக்கானிக்குகளின் தலைவரான மேஸ்திரியின் ஆள் வாசலில் நின்று கேட்பான்: "பலகை முழுசா?" அத்தை திரும்பிப் பார்த்து, "முழுசு" என்பாள். அந்த ஒரு சொல் வந்தால்தான் அதே விமானம் அடுத்த ஆட்களோடு மேலே போகலாம்.

பாதுகாப்பான ஏற்பாடுதான். அதில் ஓர் ஓட்டை இருந்தது. அந்த ஓட்டைக்கு உதவி என்று பெயர்.

பறந்துவிட்டு வருகிற சிலர் கடிகாரத்தைக் கழற்ற மறந்து அப்படியே குளிக்கப் போய்விடுவார்கள், இல்லை வீட்டுக்கே போய்விடுவார்கள். விதிப்படி அத்தை மேலே சொல்ல வேண்டும். சொன்னால் அந்த ஆள் தளபதி முன்னால் போய் விறைத்து நிற்க வேண்டும். அதைத் தவிர்க்க, மேஜை இழுப்பறையில் இருந்த மாற்றுக் கடிகாரங்களில் ஒன்றை எடுத்து அந்தக் கொக்கியில் மாட்டிவிடுவாள். மறுநாள் காலையில் அந்த ஆள் திருட்டு முழி முழித்துக்கொண்டு வந்து தன்னுடையதைக் கொடுப்பான். கூடவே ஒரு பிஸ்கட் பாக்கெட். அவசரத்தில் ஓடுகிற சிலர், நாளைக்குத் தருகிறேன், மாற்றை மாட்டிவிடுங்கள் அக்கா என்று கேட்டதும் உண்டு. இது தளத்தில் எல்லோருக்கும் தெரியும், தளபதியையும் மேஸ்திரியையும் தவிர. யாரும் இதைத் தப்பு என்று நினைக்கவில்லை. அத்தையும் நினைக்கவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு தடவையும், கூப்பிட்டு நிறுத்த முடியாத தூரம் போய்விட்டாலும், கடிகாரம் அந்த ஆளின் மணிக்கட்டில் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மாற்றை மாட்டுவாள். விமானத்தில் இல்லை, வீட்டுக்குத்தான் போகிறது என்று தெரிந்தபின் என்ன பயம்?

நான் அப்போது வேலை தேடிக்கொண்டு அவர்கள் வீட்டின் முன்னறையில் தங்கியிருந்தேன். அது தளத்தின் குடியிருப்பு வீடு, அத்தையின் வேலைக்காகக் கொடுத்தது. மாமாவும் தளத்தில்தான் வேலை பார்த்தார், விமானங்களுக்கு எண்ணெய் நிரப்பும் டேங்கர் லாரியின் டிரைவராக. ஒப்பந்த ஆள் என்பதால் அவர் பெயரில் வீடு கிடையாது. "இந்த வீட்டுல நான் அக்காவோட விருந்தாளி" என்று நண்பர்களிடம் சொல்வார். அத்தையை அவரும் அக்கா என்றுதான் கேலி செய்வார். இனிச் சொல்லப்போவதை அத்தை பல வருடங்களில் துண்டு துண்டாகச் சொன்னாள். மேஸ்திரி சொன்ன பகுதியும் இதில் இருக்கிறது.

தளத்தில் "மறதி" என்று ஒரு விமானி. வானத்தில் எதையும் மறக்க மாட்டார். தரையில் இறங்கினால் சாவி, தொப்பி, குடை எல்லாம் போய்விடும். மாற்றுக் கடிகாரம் அதிகம் தொங்கியது அவருடைய கொக்கியில்தான். அன்று அவருக்குச் சொத்தைப் பல். தரையில் சும்மா இருந்த பல், மேலே காற்றழுத்தம் குறைந்ததும் உயிரை எடுத்துவிட்டது. இறங்கி வந்தவர் ஹெல்மெட்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் தாடையைத் தாங்கியபடி உடுப்பறைக்குள் நுழைந்தார். கண்ணில் தண்ணீர். அத்தை ஹெல்மெட்டை உருவிக்கொண்டு, "போங்க சார், முதல்ல டாக்டரைப் பாருங்க" என்று துரத்தினாள். வெளியே ஜீப் நின்றது. போய்விட்டார்.

திரும்பினால் கொக்கி காலி.

மறதிதானே, வழக்கம்போல் கட்டிக்கொண்டே போய்விட்டார் என்று நினைத்தாள். மேஜை இழுப்பறையைத் திறந்தாள். மாற்றை எடுத்து மாட்டினாள். அவருடைய மணிக்கட்டை அன்று அவள் பார்க்கவில்லை. தாடையைத்தான் பார்த்தாள்.

மேஸ்திரியின் ஆள் வந்து கேட்டான். "முழுசு" என்றாள்.

மாமா லாரியைக் கொண்டுபோய் அதே விமானத்துக்கு முழுக்க எண்ணெய் நிரப்பினார். அடுத்து இருவர் ஏறினார்கள். விமானி "ஒல்லி", புதிதாக வந்தவன், இடுப்புப் பட்டையில் கூடுதலாகத் துளை போட்டு இறுக்குகிற உடம்பு. பின் இருக்கையில் வழி சொல்கிறவன் "பாட்டுக்காரன்". ரேடியோவில் முணுமுணுத்துப் பாடி இரண்டு தடவை திட்டு வாங்கியவன். அன்றைய பயிற்சி தலைகீழாகப் புரண்டு தாழப் பாய்வது. இருவருக்கும் அத்தைதான் மாஸ்க் துடைத்துக் கொடுத்தாள். ஒல்லி கடிகாரத்தை உடுப்பின் கைக்கு மேல் கட்டிக்கொண்டு, "அக்கா, நல்லா இருக்கா?" என்று கையை நீட்டிக் காட்டினான். "கழுதைக்கு மணி கட்டின மாதிரி இருக்கு" என்றாள். பாட்டுக்காரன் சிரித்தான்.

விமானம் ஓடுபாதையின் கோடியில் போய்த் திரும்பும்போது கவுண்டரில் போன் அடித்தது. பல் டாக்டரின் அறையிலிருந்து மறதி. பாதி மரத்த வாயோடு பேசினார். ஊசி போட்டுவிட்டு, மரப்பதற்காக உட்கார வைத்திருக்கிறார்களாம். நர்ஸ் நாடி பார்க்கக் கையைப் பிடித்தபோதுதான் கவனித்தாராம்.

"அக்கா, என் வாட்ச் அங்க இருக்கா?"

"உங்க கையில இல்லையா சார்?"

இல்லை. பட்டை உரசி மணிக்கட்டில் தடிப்பு. அதனால் மேலே போனதும் கழற்றி, கண்ணுக்கு நேரே தெரியட்டும் என்று, கருவிப் பலகையின் பக்கத்தில் இருக்கும் சின்ன விளக்கின் தண்டில் பட்டையைச் சுற்றி மாட்டினார். மாட்டியதாகத்தான் நினைவு. எடுத்ததாக நினைவில்லை. பல் வலியில் எதுவும் நினைவில்லை. "பலகையில இருக்கில்ல? அப்படின்னா நான் எடுத்திருப்பேன்" என்றார் நிம்மதியாக.

அவர் பேசி முடிப்பதற்குள் ஜன்னல் கண்ணாடி அதிர ஆரம்பித்தது. விமானம் தரையை விட்டது. அத்தை ரிசீவரைக் காதில் வைத்தபடியே அது சிறுத்துப் போவதைப் பார்த்தாள். பிறகு திரும்பிப் பலகையைப் பார்த்தாள். மாற்றுக் கடிகாரம் மற்றவற்றோடு மற்றதாக ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது என்ன நினைத்தாள் என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். பீரோவை நினைத்தேன் என்றாள். அவர்கள் வீட்டு இரும்பு பீரோ, உள்ளே வந்த பிறகுதான் வாசலுக்கு இரும்புச் சட்டம் பதித்தார்கள். வீட்டைக் காலி செய்யச் சொன்னால் அதை எப்படி வெளியே எடுப்பது? அதைத்தான் முதலில் நினைத்தாளாம். அடுத்துத்தான் மற்றது எல்லாம். சும்மா இருந்துவிடலாம். விமானம் எப்படியும் திரும்பி வரும். வந்ததும் தானே போய் விளக்குத் தண்டில் பார்த்து எடுத்துவிடலாம். மறதியிடம், எடுத்தீர்கள் சார், இங்கேதான் இருக்கிறது என்று ஒரு வார்த்தை. அத்தோடு முடிந்தது. தண்டில் மாட்டியது கீழே விழத்தான் வேண்டும் என்று என்ன கட்டாயம்?

ஒல்லி கையை நீட்டிக் காட்டியது நினைவுக்கு வந்தது. ரிசீவரை வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள்.

கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு அவள் நேரடியாகப் பேச முடியாது. அன்றைய பொறுப்பு அதிகாரி வழியாகத்தான் போக வேண்டும். அன்று பொறுப்பில் இருந்தவர் "மடிப்பு" சார். அவர் சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். அவருடைய கொக்கியிலும் அத்தை இரண்டொரு தடவை மாற்றை மாட்டியிருக்கிறாள்.

சொன்னாள். 

"பலகை முழுசுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் அவர்.

"சொன்னேன் சார். அந்தக் கொக்கியில தொங்குறது மாற்று. நான் மாட்டினது."

"அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மறதி எங்கயாவது வெச்சிருப்பான். நான் மேல சொல்லிட்டேன்னா அப்புறம் உங்களையும் என்னையும் யாராலயும் காப்பாத்த முடியாது."

"யோசிச்சுட்டுத்தான் சார் பேசுறேன். தலைகீழா மட்டும் போக வேண்டாம்னு சொல்லுங்க. சீக்கிரம் சொல்லுங்க."

அவர் கோபுரத்துக்குச் சொன்னார். கோபுரம் ஒல்லிக்குச் சொன்னது: நேராகப் பற, புரளாதே, விளக்குத் தண்டில் ஒரு கடிகாரம் இருக்கிறதா பார். ஒல்லியின் பதில் உடனே வந்தது. தண்டில் எதுவும் இல்லை. ஏறும்போது இருந்ததா என்று கவனிக்கவில்லை. ஒரு தடவை கவிழ்ந்து எழுந்தாயிற்று.

அப்படியானால் கடிகாரம் அங்கே இருந்ததே இல்லை. அல்லது இருந்து, கவிழ்ந்தபோது கழன்று, உள்ளே எங்கேயோ போய்விட்டது. எது என்று அந்த நேரத்தில் யாராலும் சொல்ல முடியாது.

உடனே இறங்கவும் முடியவில்லை. தொட்டி நிறைய எண்ணெயோடு அந்த விமானம் இறங்கக் கூடாது, கனம் தாங்காது. எரித்துக் குறைத்த பிறகுதான் இறங்க வேண்டும். தளத்தின் தலைக்கு மேலேயே வட்டம் அடிக்கச் சொன்னார்கள், அகலமாக, சாய்க்காமல். அந்த எண்ணெயை ஊற்றியவர் மாமா. லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து, கண்ணாடி வழியாக மேலே பார்த்துக்கொண்டே இருந்தாராம். ஏன் வட்டமடிக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தீயணைப்பு வண்டிகள் ஓடுபாதைக்கு வந்து நின்றதும் யாரோ சொன்னார்கள்: உங்க வீட்டம்மா ஏதோ கடிகாரத்தைத் தொலைச்சுட்டாங்களாம்.

சத்தம் நெருங்கி வரும், தேயும், மறுபடி நெருங்கும். அத்தை கவுண்டரை விட்டு நகரவில்லை. கையில் துணியை எடுத்து, துடைத்த மாஸ்க்கையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஜன்னல் கண்ணாடி ஒருமுறை நடுங்கியது. விமானிகள் இரண்டு பேர் உள்ளே வந்து, எதுவும் கேட்காமல் அவரவர் கொக்கியைப் பார்த்துவிட்டு வெளியே போனார்கள். மடிப்பு சாரிடமிருந்து ஒரு தகவல் வந்தது: இறங்கும்போது ஸ்டிக்கை முழுதாக இழுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். வேகமாக வந்து, மூக்கைத் தூக்காமல், நீளமாக ஓடி நிற்கட்டும்.

அப்படித்தான் இறங்கினான். பாதையின் பாதி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. புகை வந்தது. கடைசிக் கம்பி வேலிக்கு முன்னால் நின்றது. அத்தை மாஸ்க்கைத் தட்டில் வைத்தாள். கை வைத்த இடத்தில் கவுண்டர் பலகை ஈரமாக இருந்தது என்று மட்டும் சொன்னாள்.

எல்லாம் முடிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். அத்தையும் அப்படித்தான் நினைத்தாள்.

விமானத்தை இழுத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். மேஸ்திரியின் ஆட்கள் டார்ச் அடித்துத் தேடினார்கள். இருக்கைக்கு அடியில், பக்கவாட்டில், மிதிகட்டைகளுக்குப் பின்னால். இல்லை. மறதியின் உடுப்புப் பைகளில் தேடினார்கள். ஜீப்பில் தேடினார்கள். பல் டாக்டர் தன் எச்சில் தொட்டியைக்கூடப் பார்த்துவிட்டார். எங்கேயும் இல்லை. சாயங்காலத்துக்குள் பேச்சு மாறிவிட்டது. மறதி எங்கோ கடையில் விட்டிருப்பான், கடிகார அக்கா கனவு கண்டுவிட்டாள், தொட்டி நிறைய எண்ணெய் வீண், ஒரு நாள் பயிற்சி வீண். அசிங்கமாக இறங்கியதற்காக ஒல்லியைக் கேலி செய்தார்கள். "பஸ் நிறுத்தம் தாண்டி நிறுத்துற டிரைவர் மாதிரி" என்றார்களாம். அவன் ஹெல்மெட்டைக் கவுண்டரில் போட்ட சத்தத்தில் கோபம் இருந்தது. கடிகாரத்தைக் கழற்றி வைத்தான். அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை.

தளபதி தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் குரலை உயர்த்துகிறவர் அல்ல. இந்த மாற்றுக் கடிகார வழக்கம் எத்தனை காலமாக நடக்கிறது என்று கேட்டார். நான் கவுண்டருக்கு வந்ததிலிருந்து, என்றாள். யார் யாருக்காக? அறையில் சுவரோரமாக அதிகாரிகள் நின்றிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருடைய கொக்கி எண் அத்தைக்கு மனப்பாடம். மடிப்பு சார் தன் சட்டை மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டினது என் கை சார்" என்றாள். "கேட்டு வாங்கினவங்கன்னு யாரும் இல்லை."

அது பொய்தான். அந்த அறையில் அவள் சொன்ன ஒரே பொய்.

நாளை மதியம் வரை தேடுவார்கள், கிடைக்காவிட்டால் விமானம் பறக்கும், உங்கள் விஷயத்தை அதற்கப்புறம் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார் தளபதி. வேலை போவதை நினைத்து அவள் கலங்கவில்லை. கிடைக்காவிட்டால் விமானம் பறக்கும் என்றாரே, அதுதான் அவளைப் பிடித்து ஆட்டியது.

வீட்டில் மாமா இஞ்சு டேப்பை வைத்து பீரோவை அளந்துகொண்டிருந்தார். அளந்துவிட்டு வாசலை அளந்தார். பிறகு மறுபடி பீரோவை. நான் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

"கதவைக் கழட்டினாலும் வராது போல" என்றார் மாமா, பொதுவாக. பிறகு குரலைத் தாழ்த்தி, "இறங்கினதும் நீயே போய் எடுத்திருக்கலாம்ல. யாருக்குத் தெரியப் போகுது?" என்று கேட்டார்.

"எதை எடுக்கிறது? அது அங்க இருந்ததா இல்லையான்னே இப்ப யாருக்கும் தெரியலையே."

"இல்லைன்னா நல்லதுதானே."

"இல்லைன்னா எனக்கு வேலை இல்லை. அது போகட்டும். இருந்து, கிடைக்காமப் போனா?" அத்தை சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். "நாளைக்கு மத்தியானம் யாரையோ ஏத்தி அனுப்புவாங்க. நீங்க போய் எண்ணெய் ஊத்துவீங்க. நான் மாஸ்க் துடைச்சுக் குடுப்பேன். ஏறுங்க சார்னு சொல்லுவேன்."

மாமா டேப்பை விட்டுவிட்டார். அது சர்ரென்று சுருண்டு என் விரலைக் கீறிக்கொண்டு ஓடியது.  சாப்பிடும்போது மாமா, தட்டைப் பார்த்தபடி, "மேஸ்திரிகிட்ட நான் பேசட்டுமா?" என்றார். அவருக்கும் மேஸ்திரிக்கும் ஒரு பழைய சண்டை. பல வருடங்களாக முகம் கொடுத்துப் பேசியதில்லை. அத்தை நிமிர்ந்து பார்த்தாள். "பேசுங்க" என்றாள்.

காலையில் மாமா என்ன பேசினார் என்று மேஸ்திரி பிறகு எனக்குச் சொன்னார். கொட்டகைக்கு வந்து, வணக்கம்கூடச் சொல்லாமல், "அவ கொஞ்சம் கோபக்காரி. பொய்க்காரி இல்லை. இருக்கையைக் கழட்டிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு லாரிக்குப் போய்விட்டாராம். இருக்கையைக் கழற்றுவது பெரிய வேலை. அதில் விமானியை வெளியே வீசும் வெடி இருக்கிறது. அதற்குத் தனி ஆள் வர வேண்டும். மேஸ்திரிக்கே கோபம். தனக்குத் தெரியாமல் ஒரு பலகை இத்தனை காலம் பொய் சொல்லியிருக்கிறதே என்ற கோபம். ஆனாலும் கழற்றச் சொன்னார்.

இருக்கை வெளியே வந்தது. தரைத் தகடு தெரிந்தது. டார்ச் அடித்தார்கள். இல்லை. மறதியும் வந்திருந்தார், ஒரு கன்னம் மட்டும் பன் மாதிரி வீங்கிப்போய். தண்டில்தான் மாட்டினேன், தண்டில்தான் மாட்டினேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. கொட்டகை வாசலில் மடிப்பு சார் வந்து நின்று, முடிஞ்சதா என்று கேட்டார்.

மேஸ்திரி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். உள்ளே இறங்கி, இருக்கை இல்லாத வெறும் தரையில் மண்டியிட்டு, ஸ்டிக்கைப் பிடித்து மெல்ல அசைத்தார். இடது பக்கம் வந்தது. வலது பக்கம் வந்தது. முன்னால் போனது. பின்னால் இழுத்தார். வந்தது, வந்தது. கடைசி ஒரு விரற்கிடை மிச்சமிருக்கும்போது நின்றுவிட்டது. மெத்தென்று, துணியில் இடித்த மாதிரி.

ஸ்டிக்கின் அடியைச் சுற்றி ஒரு ரப்பர் உறை இருக்கும். அதில் பின்பக்கம் ஒரு சின்னக் கிழிசல். அதன் வழியாக உள்ளே போய், கீலுக்கும் தகட்டுக்கும் நடுவில், துணிப் பட்டை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தது கடிகாரம்.

வழக்கம்போல் இறங்கும்போது விமானி கடைசியில் ஸ்டிக்கை முழுதாகப் பின்னால் இழுப்பான். மூக்கு தூக்கும், வேகம் குறையும், சக்கரம் மெதுவாகத் தொடும். அந்தக் கடைசி விரற்கிடை வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மேஸ்திரி யாருக்கும் விளக்கவில்லை. அங்கே இருந்தவர்களுக்கு விளக்க வேண்டிய தேவையும் இல்லை. மறதி மட்டும் பக்கத்தில் கிடந்த பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

மேஸ்திரி அதை ஒரு கந்தலில் பொதிந்துகொண்டு தானே உடுப்பறைக்கு வந்தார். கவுண்டரில் வைத்துப் பிரித்தார். பட்டையெல்லாம் கிரீஸ். கண்ணாடியில் ஒரு கீறல். அத்தை பின்மூடியைத் திருப்பி எண்ணைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். வினாடி முள் ஓடிக்கொண்டிருந்தது. "எனக்கு வந்த கோபத்துல சுத்தியால ஒண்ணு போடலாம்னு இருந்துச்சு" என்பாள். "அவ்வளவு பேரைக் கதிகலங்க வெச்சுட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி ஓடிட்டிருக்கு."

"இனிமே மாற்று எதுவும் இந்த அறையில இருக்கக் கூடாது" என்றார் மேஸ்திரி. அவளே மேஜை இழுப்பறையைத் திறந்து, இருந்ததை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் போகும்போது வாசலில் நின்று, திரும்பாமலே, "உங்க வீட்டுக்காரர் சௌக்கியமா?" என்று கேட்டார். காலையில்தான் பார்த்துப் பேசியிருந்தார்கள்.

விசாரணை நடந்தது. வீடு போகவில்லை. ஆனால் தவறு தவறுதான் என்று, அத்தையைப் பாராசூட் உலர்த்தும் கூடத்துக்கு மாற்றுவதாக முடிவாயிற்று. உயரமான கூடத்தில் ஈரப் பாராசூட்டுகளைத் தொங்கவிட்டு மடிக்கும் வேலை. ஆளே வராத இடம். கவுண்டருக்கு வேறு ஆள் கிடைக்கும்வரை இங்கேயே நிற்கச் சொன்னார்கள். அந்த இடைப்பட்ட நாட்களில் ஒருநாள் ஒல்லி பறந்துவிட்டு வந்தான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவன் அத்தையிடம் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. ஹெல்மெட்டை வைத்தான், இந்தத் தடவை சத்தமில்லாமல். கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தான். அத்தை அதைக் கொக்கியில் மாட்டித் திரும்பியபோதும் அங்கேயே நின்றிருந்தான். உடுப்பின் கைகளை முழங்கை வரைக்கும் சுருட்டி, இரண்டு மணிக்கட்டையும் கவுண்டரின் மேல் மல்லாத்தி வைத்தான்.

அத்தை பார்த்தாள். பட்டை அழுந்திய தடம் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

"சரி, போகலாம்" என்றாள்.

பின்னால் நின்ற பாட்டுக்காரனும் கைகளைச் சுருட்டினான். அவனுக்கு அது விளையாட்டு. அடுத்த நாள் இன்னும் இரண்டு பேர். புதிதாகக் கவுண்டருக்கு வந்த ஆளுக்கு இது என்ன வழக்கம் என்று புரியவில்லை. கையைக் காட்டினால் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். அத்தை இரண்டு வருடம் கழித்துக் கவுண்டருக்குத் திரும்பி வந்தபோது, எதுவுமே தெரியாத புதுப் பையன்கள் வரிசையில் நின்று கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

போன மாதம் அத்தைக்குக் கண்புரை அறுவை நடந்தது. மறுநாள் கட்டுப் பிரிக்க நான்தான் கூட்டிப்போனேன். காத்திருக்கும் கூடத்தில் எதிர் பெஞ்சில் கனத்த உடம்போடு ஒரு பெரியவர், பக்கத்தில் அவர் மனைவி. அவர் வெகுநேரம் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சங்கடமாக இருந்தது. செய்தித்தாளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து, பெஞ்சைப் பிடித்துப் பிடித்து, எங்களுக்கு முன்னால் வந்து நின்றார். சட்டைக் கையை ஒவ்வொன்றாக மேலே தள்ளி, இரண்டு மணிக்கட்டையும் அத்தைக்கு முன்னால் நீட்டினார்.

அவர் மனைவி எழுந்துகொண்டார். கணவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

அத்தை கட்டுப் போடாத ஒற்றைக் கண்ணால் முதலில் ஒரு கையைப் பார்த்தாள், பிறகு மற்றதை. இடது மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி அடிப்பக்கத்தையும் பார்த்தாள். பிறகுதான் மேலே, முகத்தைப் பார்த்தாள்.

"இவ்வளவு குண்டாயிட்டீங்களே சார்" என்றாள். கையை இன்னும் விடவில்லை. "சரி, போகலாம்."